கேஸ் எங்கே போனது?

கரமனை, திருவனந்தபுரம்
12.1.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

வேணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பஹ்ரைனில் இப்போது நல்ல குளிர் என்று மதினி சொன்னார்கள். கம்பளி வைத்திருக்கிறீர்களா? போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தீர்களே, விட்டதா?

இந்தப் பொங்கலுக்கும் நீங்கள் வரவில்லை. விழிஞ்ஞத்து மீன் குளிரறையில் என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, விழுந்து இறந்து இரண்டரை வருஷம் முடிந்துவிட்டது. அது நடந்து நாலாம் மாசம் நீங்கள் பஹ்ரைனுக்குக் கிளம்பிப் போனீர்கள். அதற்குப் பிறகு முகத்தைப் பார்க்கவில்லை. மேல்வீட்டு போனில் கூப்பிட வேண்டாம். நான் பேசும்போது அவர்கள் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். கடிதமே போதும்.

நாகர்கோவிலுக்கு வந்து இரு என்று மதினி ஒவ்வொரு மாசமும் சொல்லுகிறார்கள். அவருடைய ரிப்பேர் கடையைப் பூட்டினால் மறுபடி திறக்க மனசு வராதோ என்று எனக்குப் பயம். பதினாலு வருஷம் அவருக்கு டார்ச் பிடித்த கை இது. இப்போது நானே பிடித்து நானே பார்க்கிறேன். அக்ரஹாரத்து மாமி ஒருத்தி ஃப்ரிட்ஜ் பார்க்கக் கூப்பிட்டாள். போய் நின்றதும், "ஏண்டிம்மா, ஆம்பளை யாரும் வரலியா?" என்றாள். வேலை முடிந்ததும் காப்பி கொடுத்து, "இனிமே நீயே வா, உள்ளே வரைக்கும் விடறதுக்குத் தயக்கமில்லை" என்றாள். அப்படியே நாலைந்து வீடு சேர்ந்துவிட்டது.

ரிப்பேருக்கு வந்த மூன்று ஃப்ரிட்ஜ் முன்னறையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று நிற்கும்போது இன்னொன்று தொடங்கும். அந்தச் சத்தத்தில்தான் சாப்பிடுகிறேன். மூன்றும் சேர்ந்து நின்றுவிட்டால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பாப்பனங்கோட்டில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு ஒரு பயிற்சி நடக்கப்போகிறதாம். பழைய கேஸுக்குப் பதிலாக வேறு கேஸ் போடுவது பற்றி. போகட்டுமா? நீங்கள் தொழில் தெரிந்தவர், அதனால் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கை கிருஷ்ணவேணி


மனாமா, பஹ்ரைன்
6.2.2001

அன்புத் தங்கை வேணிக்கு,

அண்ணன் பூதலிங்கம் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இருமல் விட்டது. உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. எங்கள் அறையில் எட்டுப் பேர். ஆறு பேர் வங்காளிகள். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. நான் பேசுவதற்கும் ஒன்றுமில்லை.

பயிற்சிக்கெல்லாம் போக வேண்டாம். முப்பது ஆண்களுக்கு நடுவே நீ உட்கார்ந்து என்ன படிக்கப்போகிறாய்? கடையைக் கொடுத்துவிட்டு நாகர்கோவிலுக்குப் போ. சொர்ணம் உன்னைத் தங்கையாகத்தான் நினைக்கிறாள். இந்த வேலையில் இனி ஒன்றுமில்லை. புதுப்புது கேஸ் வரும், பழையது போகும். அதைத் துரத்திக்கொண்டு ஓட உனக்கு என்ன தலையெழுத்து?

மாப்பிள்ளை இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
பூதலிங்கம்


கரமனை
14.3.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். ஆற்றுகால் பொங்காலைக்கு வந்த கூட்டம் எங்கள் தெரு வரை அடுப்பு மூட்டியிருந்தது. மதினி வந்தார்கள், என் வாசலில்தான் பானை வைத்தார்கள். உங்களுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதிய கடிதம் பயிற்சிக்கு முந்தின நாள் வந்தது. இரண்டு தடவை படித்தேன். பிறகு மறுநாள் போய்விட்டேன். கோபம் வேண்டாம்.

முப்பத்தொரு பேர். நான் ஒருத்தி மட்டும் சேலை. வகுப்பெடுத்தவர் பெயர் சத்தியநேசன். மார்த்தாண்டத்துக்காரர், அதனால் தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். எடுத்ததும் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க ஒரு ஃப்ரிட்ஜைப் பிரிக்கும்போது உள்ள கேஸை என்ன செய்யறீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். "குழாயை வெட்டி விடுவோம் சார், ஸ்ஸுன்னு போயிரும்" என்றான் ஒருவன். "எங்க போகும்?" என்றார்.

அண்ணா, நானும் பதினாலு வருஷம் அந்த ஸ்ஸைக் கேட்டிருக்கிறேன். அது எங்கே போகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மேலே போய் வெயிலைத் தடுக்கிற ஓசோனைத் தின்னுமாம். அது மட்டுமில்லை, பூமியின் சூட்டை வெளியே விடாமல் கம்பளி போர்த்தின மாதிரி பிடித்துவைக்குமாம். பழைய ஃப்ரிட்ஜில் இருக்கிற ஆர்-12 கேஸ் ஒரு கிலோ விட்டால், எட்டாயிரம் கிலோ கரியமிலவாயு விட்டதைவிட அதிகச் சூடாம். இப்போது புது ஃப்ரிட்ஜில் வருகிற 134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் சூட்டில் அதுவும் ஆயிரத்து முந்நூறு மடங்கு. இதற்கெல்லாம் பதிலாக ஹைட்ரோகார்பன் என்று ஒன்று காட்டினார். நம் சமையல் கேஸின் குடும்பம். மண்ணுக்குள்ளிருந்து வருவது. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, சூடும் சொல்லும்படி இல்லை. தீப்பிடிக்கும் என்பது ஒன்றுதான் பயம். அதற்குத்தான் பயிற்சி: ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது, பொறி பறக்கிற சாமானை மூடியதாக மாற்ற வேண்டும், தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். பழையது நூறு கிராம் போகிற இடத்தில் இது நாற்பது கிராம் போதும்.

போன வாரம் என் சொந்த ஃப்ரிட்ஜில் போட்டுப் பார்த்தேன். ஐஸ் முன்னைவிடச் சீக்கிரம் கட்டியது. சந்தோஷத்தில் அதை எடுத்துக்காட்ட ஆளைத் தேடினேன். யாருமில்லை. நானே ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

இன்னொன்று. இரண்டாம் நாள் அந்த சார் சொன்னார், இந்த கேஸெல்லாம் காற்றைவிடக் கனமாம். மூடின அறையில் விட்டால் தரையோடு தேங்கும், மூச்சுக்கு இடம் இருக்காது, நெஞ்சு தாறுமாறாக அடித்து நின்றுபோகும் என்றார். நிறமில்லை, சொல்லும்படி வாசமில்லை. உள்ளே இருப்பவனுக்குத் தெரியாதாம்.

எனக்கு விழிஞ்ஞம் ஞாபகம் வந்தது. அன்று அந்த அறையில் கேஸ் இருந்ததா? டாக்டர் மாரடைப்பு என்றார். நாற்பத்தாறு வயசில், ஒருநாளும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாத ஆள். கூட இருந்தது நீங்கள்தானே, அதனால் கேட்கிறேன். ஞாபகம் இருப்பதை எழுதவும்.

அங்கே வெயில் தொடங்கிவிடும், மோர் குடிக்கவும்.

தங்கை,
வேணி


மனாமா
2.5.2001

அன்புத் தங்கை வேணிக்கு,

பதில் தாமதம். வேலை அதிகம். சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்குப் போய்விட்டாய், சரி. ஆனால் அவர்கள் சொல்வதையெல்லாம் நம்பாதே. இங்கே ஒரே கட்டடத்தில் நானூறு ஏ.சி. ஓடுகிறது. அதைக் கேட்க ஆளில்லை. கரமனையில் ஒரு பொம்பளை நாற்பது கிராம் மாற்றினால் வானம் குளிர்ந்துவிடுமா? அந்த கேஸ் தீப்பிடிக்கும் என்று நீயே எழுதுகிறாய். ஒற்றையாக இருக்கிற வீட்டில் வைத்து அதைத் தொடாதே.

இங்கே காற்று அனலாக அடிக்கிறது. சொர்ணம் முட்டுவலி என்று எழுதியிருந்தாள், ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

பழையதைக் கிளறாதே. உன் உடம்புக்கு ஆகாது.

அண்ணன்,
பூதலிங்கம்


கரமனை
20.5.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினியைப் பார்த்துவிட்டு வந்தேன். முட்டுவலி குறைந்திருக்கிறது. தைலம் வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் இரண்டு மாதமாகக் கடிதமே போடவில்லை என்று அழுதார்கள். அவர்களுக்கும் எழுதவும்.

நான் இதுவரை பதினொரு ஃப்ரிட்ஜ் மாற்றிவிட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பயம். கிள்ளிப்பாலத்தில் ஒரு டீச்சர், "சேச்சி, இது அடுப்பிலே உள்ள கேஸ் அல்லே? வெடிச்சா பின்னே பறஞ்ஞிட்டு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டாள். "டீச்சரே, அடுப்புக்குப் பதினாலு கிலோ சிலிண்டரைப் பக்கத்தில் வச்சிட்டுத் தூங்குறீங்க. இது லைட்டர்ல இருக்கிற மாதிரிக் கொஞ்சம்தான்" என்றேன். யோசித்துவிட்டுச் சரியென்றாள். அப்படியும் அவள் வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து, பூஜை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன்.

சாலைக் கடைத்தெருவில் சாமான் வாங்கப் போனால் மெக்கானிக் தாசையன், "வேணியக்கா, வானத்து ஓட்டைய அடைக்க ஏணி வேணுமா?" என்று கூவுகிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நான் என் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கேலி செய்யவாவது என் பேரைச் சொல்லி ஒருவன் கூப்பிடுகிறானே என்று ஒருநாள் தோன்றியது. அப்படி ஆகிவிட்டேன்.

நீங்கள் வானத்தைப் பற்றி எழுதினீர்கள், நானூறு ஏ.சி.யைப் பற்றி எழுதினீர்கள். நான் கேட்டது ஒரு அறையைப் பற்றி. அதற்குப் பதில் இல்லை. உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி பார்த்தேன், எங்காவது எழுதிவிட்டு நான்தான் கவனிக்கவில்லையோ என்று.

அன்று அந்த அறையில் கேஸ் இருந்ததா, இல்லையா? ஒரு வரி போதும்.

வேணி


கரமனை
15.7.2001

அண்ணனுக்கு,

நலமா? எட்டு வாரமாகப் பதில் இல்லை. கடிதம் தொலைந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். மதினிக்கு உங்கள் கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை விழிஞ்ஞத்துக்கு பஸ் ஏறினேன். அவர் போனபின் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. மழை கொட்டியது. குளிரறை அப்படியே இருக்கிறது, வெளியே மட்டும் புதுப் பெயின்ட். வாட்ச்மேன் யோசுவா என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்; அண்ணன் என்பது உங்கள் மாப்பிள்ளையை, மச்சான் என்பது உங்களை. "சேச்சி, அண்ணன் ஒருபாடு நேரம் உள்ள வேலை செஞ்சு. பின்னே வெளிய வந்து எங்கூட சாயா குடிச்சு. மோளிலே நின்ன மச்சான் அத கண்டு. சாயா தீர்ந்தப்பம் அண்ணன் ஒரு கம்பிய எடுத்துட்டு, தரையில தண்ணி போற ஓவு அடைஞ்சிருக்கு, குத்திவிட்டு வாறேன்னு சொல்லி திரும்பவும் அகத்துப் போச்சு. மீன் கிடக்குதில்ல, தணுப்பு போயிரும்னு கதவ சாத்திக்கிட்டு. நான் லாரிக்கு சீட்டு எழுதப் போனேன். பின்னே மச்சான் வந்து 'மாப்பிள்ளை எங்க?'ன்னு கேட்ட சத்தம்தான் கேட்டேன்."

மோளிலே என்றால் மொட்டைமாடியில். கம்ப்ரசரும், கேஸ் சேர்த்துவைக்கிற தொட்டியும் அங்கேதான் இருந்தன என்று யோசுவா காட்டினார். நான் ஏறிப் பார்த்தேன். மேலே தொட்டி, கீழே அறை. நடுவில் ஒரு விரல் கனத்துக்குச் செம்புக் குழாய்.

அண்ணா, இப்போது எனக்கு இந்த வேலை தெரியும். கீழே கசிகிற குழாயைப் பற்றவைத்து அடைப்பதற்கு முன்னால் கேஸைக் காலி செய்துதான் ஆக வேண்டும். மாடியில் நின்றது நீங்கள்.

அந்தத் தொட்டியில் இருந்த கேஸ் எங்கே போனது?

கிருஷ்ணவேணி


மனாமா
12.8.2001

வேணி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

அறைக்குள்தான் போனது. நான்தான் விட்டேன்.

அதற்கு முந்தைய தடவை மாடியில் வைத்து வெளியே விட்டபோது பெரிய இரைச்சல் கேட்டு, மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் பயந்து ஓடினார்கள். முதலாளி எல்லார் முன்னிலையிலும் என்னைத் திட்டினார். அந்தக் கூச்சம் எனக்குள் இருந்தது. அன்று குழாயின் கீழ்முனையை மாப்பிள்ளை கழற்றிப் போட்டிருந்தார். மேலே வால்வைத் திறந்தால் கேஸ் சத்தமில்லாமல் அறைக்குள் இறங்கிவிடும், பிறகு கதவைத் திறந்துவைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். இதே மாதிரி வேறு இடத்தில் இரண்டு தடவை செய்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.

மாப்பிள்ளை யோசுவாவுடன் டீ குடிப்பதைப் பார்த்தேன். ஆள் வெளியே இருக்கிறார் என்று வால்வுப் பக்கம் திரும்பினேன். ஒரு பீடி பிடித்தேன். பிறகுதான் திறந்தேன். அந்த ஒரு பீடி நேரத்தில் அவர் உள்ளே போயிருக்கிறார். திறப்பதற்கு முன் இறங்கி வந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். மேலிருந்தே "மாப்பிள்ளை" என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

கீழே வந்து, கதவைத் திறந்து, பார்த்தேன். அந்த ஓவுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். கையில் கம்பி இருந்தது. தூக்கி வெளியே இழுக்கும்போது எனக்கே தலை சுற்றியது. அப்போதே எனக்குத் தெரியும், வேணி. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவருக்கு முன்பே நெஞ்சுவலி உண்டா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலில்தான் மாரடைப்பு என்று எழுதினார்கள்.

நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். அதற்குப் பிறகு என்னால் ஊரில் இருக்க முடியவில்லை. இங்கே வந்தும் குளிரறை வேலையைத் தொட முடியவில்லை. மறுத்துவிட்டேன். இரண்டு வருஷமாக ஏ.சி. ஃபில்டர்களைக் கழற்றிக் கழுவும் வேலைதான் பார்க்கிறேன். சொர்ணத்துக்குக்கூட இது தெரியாது.

வானம் குளிருமா என்று உன்னைக் கேலி செய்து எழுதினேன். நீ கேஸைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்கு அந்தக் கதவைத் திறந்து காட்டியது. பயிற்சிக்கே போக வேண்டாம் என்றதும் இந்தப் பயத்தில்தான்.

நீ என்ன செய்தாலும் சரி.

பூதலிங்கம்


மனாமா
25.9.2001

வேணி,

பதில் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தபால் வருகிற நாளில் ஆபீஸ் பக்கம் போய் நிற்கிறேன். ஓணத்துக்கு எங்கள் கேம்ப் மலையாளிகள் பாயசம் கொடுத்தார்கள். வாங்கினேன், குடிக்க முடியவில்லை.

உடம்பு சுகமா என்று மட்டும் ஒரு வரி எழுது. எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் சொர்ணத்துக்கு எழுது.

பூதலிங்கம்


மனாமா
22.11.2001

வேணி,

தீபாவளிக்கு நீ நாகர்கோவில் வரவில்லை என்று சொர்ணம் எழுதியிருக்கிறாள். கடையும் சில நாள் பூட்டிக்கிடந்ததாம். "உங்களுக்குள் என்ன?" என்று கேட்டிருக்கிறாள்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

பூதலிங்கம்


கரமனை
9.12.2001

அண்ணனுக்கு,

உடம்பு சுகம். உங்கள் மூன்று கடிதமும் வந்தன.

முதல் கடிதம் வந்த அன்று ஒரு வீட்டு ஃப்ரிட்ஜைப் பாதி பிரித்துப் போட்டிருந்தேன். பதினேழு நாள் அது அப்படியே கிடந்தது. மாமி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனாள். நான் உள்ளேதான் இருந்தேன். ஃப்ரிட்ஜ் எதையும் ஓடவிடவில்லை. அந்த நிசப்தத்தில் அவர் பேசுவதைக் கேட்கலாம் என்று பைத்தியம் மாதிரி ஒரு எண்ணம். ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். உங்களுக்கு யாருமே இருக்கக்கூடாது, நான் இருப்பது மாதிரி நீங்களும் இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன். வடசேரியில் இறங்கி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். எதிரே திருவனந்தபுரம் பஸ் ஒன்று போனது, பிறகு இன்னொன்று. மூன்றாவதில் ஏறித் திரும்பிவிட்டேன். சொல்ல வேண்டியது நானில்லை, நீங்கள். மதினிக்கு நீங்களே சொல்லுங்கள். அதை நான் செய்யமாட்டேன்.

போன மாசக் கடைசியில் யோசுவா என் வீடு தேடி வந்தார். அந்தக் குளிரறையில் மறுபடி கசிவாம். சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்த மெக்கானிக், கேஸை அறைக்குள்ளேயே விட்டுவிடலாம் என்று சொல்கிறானாம். "சேச்சி, எனக்குப் பேடியாயிட்டு, பயமாயிருக்கு. அதான் ஓடி வந்தேன்" என்றார். நான் புடவையைக்கூட மாற்றவில்லை. சத்தியநேசன் சாரிடம் போய், கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கிற மெஷினை இரவல் கேட்டேன். அவர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "நீங்க எதுக்கு..." என்று இழுத்தார். "இந்த வேலையை நான்தான் செய்வேன்" என்றேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அவ்வளவு பெரிய அறைக்கு ஹைட்ரோகார்பன் போடக்கூடாது, தீ ஆபத்து. பக்கத்து ஐஸ் ஆலையில் அம்மோனியா ஓடுகிறது, அதுவும் இயற்கையில் உள்ள வாயுதான். ஆளைக் கொல்லக்கூடியது, ஆனால் துளி கசிந்தாலும் நெடி மூக்கைப் பிய்த்துவிடும், யாரும் உள்ளே நிற்கமாட்டார்கள். உங்கள் மாப்பிள்ளையை எச்சரிக்க ஒரு நெடிகூட இல்லை. புது அறை கட்டும்போது அம்மோனியாவுக்கு மாறுங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். இப்போதைக்கு அந்த அறையில் ஓடுகிற பழைய ஆர்-22 கேஸ்தான்.

மாடியில் ஏறி, நீங்கள் திறந்த அதே வால்வில் குழாயை மாட்டினேன். மெஷின் ஓட ஓட, தொட்டியிலிருந்து கேஸ் சிலிண்டருக்கு வந்தது. கை வைத்துப் பார்த்தேன், சிலிண்டர் சூடாக இருந்தது. தராசில் பதினெட்டு கிலோ காட்டியது. அறைக்கும் போகவில்லை, வானத்துக்கும் போகவில்லை. சுத்தம் செய்து திரும்ப அதே அறைக்கு ஏற்றலாம். வானத்துக்கு அது எவ்வளவு, எனக்குத் தெரியாது. நீங்கள் கேலி செய்தது சரியாகக்கூட இருக்கலாம். எனக்கு அந்தப் பதினெட்டு கிலோ பெரிது.

பிறகு உள்ளே போனேன். கதவை அகலத் திறந்து கல்லை வைத்தேன். அந்த ஓவைத் தாண்டித்தான் குழாய்க்குப் போக வேண்டும். தாண்டினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பயம்தான் வந்தது. மூடின அறையில் வேலை செய்யும்போது கதவருகே ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும், கண்ணை எடுக்கக்கூடாது என்பது பயிற்சியில் சொன்ன விதி. யோசுவாவை நிறுத்தியிருந்தேன். பாவம், அவரை லாரிக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது கதவருகே யாருமில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். உங்கள் மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு நிமிஷம் இருந்திருக்குமா, கதவைப் பார்த்திருப்பாரா என்று நினைத்தேன். யோசுவா திரும்பி வந்து நின்ற பிறகுதான் வேலையைத் தொடர்ந்தேன்.

அண்ணா, உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. பொய் எழுத இஷ்டமில்லை. நாளைக்கு வருமா, அதுவும் தெரியாது. ஆனால் எனக்கு நீங்கள் ஒருவர்தான். உங்களை வெறுத்துக்கொண்டு இந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்துவிட்டேன், நாலு மாசம். அதுவும் முடியவில்லை.

விழிஞ்ஞத்து வேலையைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் இன்னும் மூன்று குளிரறைக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தனியாக உள்ளே போகமாட்டேன். கதவருகே நிற்க ஒரு ஆள் வேண்டும். இந்த வேலை தெரிந்தவராக, கண்ணை எடுக்காதவராக இருக்க வேண்டும். ஊரில் எல்லாரையும் யோசித்துப் பார்த்தேன். இனி ஒருநாளும் கண்ணை எடுக்காத ஆள் ஒருவர்தான் எனக்குத் தெரியும்.

வருவீர்களா?

வேணி


மனாமா
2.1.2002

அன்புத் தங்கை வேணிக்கு,

உன் கடிதத்தை ஃபில்டர் கழுவும் இடத்தில் நின்றே படித்தேன். கூட இருந்த வங்காளி ஒருவன் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். அவன் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். ரஃபீக்.

சொர்ணத்துக்கு எழுதிவிட்டேன், எல்லாவற்றையும். பதில் இன்னும் வரவில்லை. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி பத்தாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு நீ வர வேண்டாம். நானே கரமனைக்கு வந்து வாசலில் நிற்கிறேன். உனக்குத் திறக்கத் தோன்றும்போது திற.

கதவருகே நிற்பேன். அசையமாட்டேன். நீ உள்ளே போகும்போது ஒன்று மட்டும் செய், வேணி. வேலை முடிகிற வரை ஏதாவது பேசிக்கொண்டே இரு. என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாலும் சரி. உன் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

அண்ணன்,
பூதலிங்கம்